காவலுக்கு வந்த வண்டி

பிப்ரவரி 9

ஸ்டியரிங்குக்குப் பெரியம்மா எழுதுவது.

நலமா என்று கேட்கப்போவதில்லை. வாசல்மணியை அடித்துவிட்டு, நான் எழுந்து வந்து கதவைத் திறப்பதற்குள் படியிறங்கி ஓடிவிடுகிறவன் நலமாக இருக்க முடியாது. போனில் கூப்பிட்டால் அழுகிறாய். அதனால்தான் கடிதம். காகிதத்தின் முன்னால் எவ்வளவு வேண்டுமானாலும் அழுதுகொள், எனக்குக் கேட்காது.

நடந்ததை ஒருமுறை வரிசையாக எழுதிவிடுகிறேன். அதன் பிறகு இருவருமே மறந்துவிட வேண்டும். என் காரில் பிரேக் விளக்கு எரியவில்லை. பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. "நீங்க ஓட்டுங்க பெரியம்மா, நான் பின்னாலேயே ஒட்டிக்கிட்டு வரேன். எவனும் வந்து உங்க மேல இடிச்சிடாம நான் காவல்" என்றாய். உன் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் வண்டியை, பள்ளிக்குத் தெரியாமல், கூரைமேல் பலகையோடு எடுத்துக்கொண்டு வந்தாய். சிக்னல் மஞ்சளானது, நான் நின்றேன். என் வண்டியில் விளக்கு எரியாது என்பது அந்தச் சாலையில் உன் ஒருவனுக்குத்தான் தெரியும். நீதான் இடித்தாய்.

இதில் பெரிய முட்டாள் யார் என்று யோசித்துப் பார்த்தேன். விளக்கில்லாத வண்டியைச் சாலைக்குக் கொண்டுவந்தவள் நான். ஆகவே பரிசு எனக்கே.

மருத்துவரிடம் நான் சொல்லியிருப்பது இது: குளியலறையில் வழுக்கி, உட்கார்ந்தவாக்கில் விழுந்தேன், தலையில் அடி இல்லை. பின்மண்டை இருக்கையில் மோதியது உண்மைதான், ஆனால் அது மெத்தை. கார் என்று சொன்னால் மருத்துவமனை போலீசுக்கு எழுதும், போலீஸ் உன் பள்ளிக்கு எழுதும், உன் பயிற்சியாளர் உரிமம் போய்விடும். சாப்பாட்டுத் தட்டைத் திருப்பித் திருப்பி வண்டி ஓட்டி ஸ்டியரிங் என்று பெயர் வாங்கிய வயதிலிருந்து உனக்குத் தெரிந்த ஒரே தொழில் இது. நாற்பது வயதில் வேறொன்றைக் கற்றுக்கொள்ளும் மூளையும் உனக்கு இல்லை. உன் அம்மாவுக்கும் இதே குளியலறைதான். மாற்றிப் பேசாதே.

அழுகையை நிறுத்திவிட்டு வந்து சேர்.

பெரியம்மா

*

பிப்ரவரி 14

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் உன் முழங்கால். மாடிப்படி ஏறும்போது மட்டும் வலிக்கிறதா, தையல் இயந்திரத்தை மிதிக்கும்போதும் வலிக்கிறதா என்று பிரித்து எழுது. பொதுவாக "வலிக்குது" என்று எழுதினால் அது செய்தி ஆகாது.

என்னைப் பற்றி ஒரு சிறிய செய்தி. போன வாரம் குளியலறையில் வழுக்கி உட்கார்ந்துவிட்டேன். எலும்பெல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறது. கழுத்து மட்டும் பிடித்துக்கொண்டது. ஒரு பட்டை மாட்டியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரைப் பார்க்க வேண்டுமானால் மொத்த உடம்பையும் திருப்ப வேண்டியிருக்கிறது; அந்த அளவு மரியாதைக்கு அவர் உரியவர் அல்லர். மருத்துவர் சின்னப் பெண். என்னிடம் வேதியியல் படித்திருந்தால் தேறியிருப்பாள் என்று தோன்றுகிறது. நிறையக் கேள்வி கேட்கிறாள்.

கார் பட்டறையில் இருக்கிறது. உன் மகன் வருகிறான், போகிறான். அவனைத் துருவிக்கொண்டிருக்காதே, வேலை அதிகம்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள். கடைக்கு விடுமுறை விடத் தெரியாதவளுக்கு நான் சொல்லி என்ன.

அக்கா

*

பிப்ரவரி 26

அன்புள்ள அக்காவுக்குத் தங்கை எழுதிக்கொள்வது.

முழங்கால் மாடிப்படியிலும் வலிக்கிறது, மிதிக்கும்போதும் வலிக்கிறது, சும்மா இருக்கும்போதும் வலிக்கிறது. பிரித்து எழுதிவிட்டேன். போதுமா?

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நான் வெட்டிக்கொண்டிருந்த ரவிக்கைத் துணியைக் கோணலாக வெட்டிவிட்டேன். அக்கா, அந்தக் குளியலறையில் நானும் ஒரு மாதம் குளித்திருக்கிறேன். தரை அம்மிக்கல்லைக் கொத்திவைத்தது போல் இருக்கும். என் குதிகால் அங்கே தேய்ந்ததே தவிர வழுக்கியதில்லை. அதில் நீ எப்படி வழுக்கினாய்? எனக்கு விளங்கவே இல்லை. தலை சுற்றியதா? கண் இருட்டியதா? ஒளிக்காமல் எழுது.

இவன் வேறு. போன் செய்தால் "ம்" என்கிறான். "சாப்பிட்டியாடா?" "ம்." "அக்கா எப்படி இருக்கா?" "ம்." "உனக்கு வாயில பல்லா பசையா?" என்று கேட்டேன். அதற்கும் "ம்". ஏதாவது பெண் விவகாரமா? உனக்குத் தெரிந்திருக்கும். இத்தனை வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல் விடாதவன் என்று இங்கே எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவன் முகத்தை இப்படித் தூக்கிவைத்துக்கொண்டால் யார் அவனிடம் வண்டி கற்றுக்கொள்ள வருவார்கள்?

பட்டையைக் கழற்றாதே. பதில் உடனே போடு.

தங்கை

*

மார்ச் 7

அன்புள்ள தங்கைக்கு,

நலமாக இருப்பாய் என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

சொரசொரப்பான தரையிலும் சோப்புத் தண்ணீர் வழுக்கும். அது உராய்வு விதி. உன் தையற்கடைப் பௌதிகத்தை என்னிடம் காட்டாதே.

கழுத்து பரவாயில்லை. தலைவலிதான் விடவில்லை. காலையில் எழும்போதே யாரோ உள்ளேயிருந்து கதவைத் தள்ளுவது போல் இருக்கிறது. அந்தப் பெண் மருத்துவர் நான் ஏன் விழுந்தேன் என்பதற்குக் காரணம் தேடிக்கொண்டிருக்கிறாள். காதைப் பார்த்தார்கள், சர்க்கரையைப் பார்த்தார்கள், படுக்கவைத்தும் நிற்கவைத்தும் ரத்த அழுத்தம் பார்த்தார்கள், இதயத்துக்கு ஒயர் மாட்டினார்கள். இரவு போடுகிற மாத்திரையைப் பாதியாகக் குறைத்திருக்கிறாள். நல்ல உழைப்பாளி. ஆனால் காரணத்தைக் கண்டுபிடித்துவிடுவாள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

நேற்றுத் தேநீர்க் கோப்பை இடது கையிலிருந்து நழுவி விழுந்தது. நான் விட்டதாக நினைவில்லை, கைதான் விட்டது. வீட்டுச் சாவி குளிர்ப்பெட்டியில் பால் பக்கத்தில் இருந்தது. ஸ்டியரிங் எடுத்துக் கொடுத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். "என்னடா முறைக்கிற? சாவி கெட்டுப்போகக் கூடாதுன்னு உள்ள வெச்சேன்" என்றேன். அவன் சிரிக்கவில்லை. அவனிடம் பெண் விவகாரமெல்லாம் இல்லை. அதற்கும் ஒரு தைரியம் வேண்டும்.

நீ கவலைப்படாதே. கவலை என்பது தபால் செலவில்லாமல் தானே போய்ச் சேரும் பொருள்.

அக்கா

*

மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சௌக்கியம். எல்லாரும் என்றால் நானும் இரண்டு இயந்திரமும்.

சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். நீ தனியாக இருந்தது போதும். காரணம் தெரியாமல் விழுகிறாய், கை தானாக விடுகிறது என்கிறாய், சாவியைக் குளிரவைக்கிறாய். போதாக்குறைக்கு உன் கையெழுத்து. அச்சுக் கோத்தது போல் எழுதுகிறவள் நீ; இந்தக் கடிதத்தில் ஒவ்வொரு வரியும் முடியும்போது பள்ளத்தில் இறங்குகிறது. என் கடைப் பெண் பார்த்துவிட்டு, "பெரியம்மா பஸ்ல உக்காந்து எழுதினாங்களா?" என்று கேட்டாள்.

ஒன்று, வீட்டைப் பூட்டிவிட்டு இங்கே வா. இல்லையென்றால் அவனை உன் வீட்டிலேயே தங்கச் சொல்கிறேன். மூன்றாவது வழி கிடையாது. வாசல்மணி அடித்தால் திறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிற உரிமைதான் வாழ்க்கை என்று நீ அடிக்கடி சொல்வாய். தெரியும். ஆனால் கீழே விழுந்து கிடந்தால் மணி அடித்து என்ன பயன்?

கோபித்துக்கொள். ஆனால் பதில் எழுது.

தங்கை

*

மார்ச் 23

அன்புள்ள தங்கைக்கு,

நலம். உன் முழங்கால் எப்படி?

என் வீட்டைப் பூட்டும் உரிமை உனக்கு யார் கொடுத்தது? நான் எங்கும் வரப்போவதில்லை. அவனும் இங்கே தங்க வேண்டாம். சாப்பிடும்போது எதிரில் உட்கார்ந்து என் வாயையே பார்க்கிறான், நான் ஒவ்வொரு கவளமாகச் செத்துக்கொண்டிருப்பதைப் போல.

மருத்துவர் இந்த முறை எனக்குப் பரீட்சை வைத்தாள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாள். தொண்ணூற்று மூன்று வரை போனேன். அதற்கப்புறம் எண்கள் கூட்டமாக வந்து ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நின்றன. கடிகாரம் வரையச் சொன்னாள். வட்டம் நன்றாக வந்தது. "முள்ளு எங்க மேடம்?" என்று கேட்டாள். "நேரம் எனக்கு எதுக்கு, நான் ரிட்டயர் ஆனவ" என்றேன். அவள் சிரித்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டாள். சிரித்துவிட்டு எழுதுகிறவர்களை நான் நம்புவதில்லை. நானே அப்படித்தான் விடைத்தாள் திருத்தினேன். மறதி நோய்க்கென்று ஒரு சிறப்பு மருத்துவர் இருக்கிறாராம். அவரைப் பார்க்க ஜூன் மாதம் தேதி கிடைத்திருக்கிறது. அது வரை மறக்காமல் இருக்க வேண்டும்.

கார் வந்துவிட்டது. விளக்கெல்லாம் எரிகிறது. பின்பக்கத்தைத் தட்டி நிமிர்த்தியிருக்கிறார்கள். உன் மகன் தன் வண்டிக்கு முன் பம்பரைப் புதிதாக மாற்றிவிட்டானாம், பள்ளியில் யாருக்கும் தெரியாது. என்னுடையது பழைய காலத்து இரும்பு, அதனால் பெரிய சேதமில்லை என்கிறான்.

அன்புள்ள தங்கைக்கு, நலம். உன் முழங்கால் எப்படி? மாடிப்படி ஏறும்போது மட்டும் வலிக்கிறதா என்று பிரித்து எழுது.

அக்கா

*

ஏப்ரல் 5

தங்கைக்கு,

நலமா? உன்னிடமிருந்து கடிதம் வரவில்லை. வந்து, நான் எங்காவது வைத்துவிட்டேனா என்றும் தெரியவில்லை. நீ இங்கே வந்துவிட்டுப் போனாயா? நாற்காலியில் ஒரு சால்வை கிடக்கிறது. என்னுடையதாகவும் இருக்கலாம்.

இன்று முதல் மணி எனக்கு வகுப்பு. கல்லூரி வாசலில் காவலாளி உள்ளே விடவில்லை. "மேடம், நீங்க ரிட்டயர் ஆகி எவ்வளவோ வருஷம் ஆச்சே" என்றான். பொய் சொல்கிறான் என்று நினைத்தேன். பிறகு அவன் தலையைப் பார்த்தேன், முழுக்க நரைத்திருந்தது. நான் அறிந்தபோது கருகருவென்று இருந்தவன். அப்படியானால் அவன் சொல்வது சரியாகத்தான் இருக்க வேண்டும். எனக்கு நாற்காலி போட்டுத் தேநீர் வாங்கிக் கொடுத்தான். இடது செருப்பு எங்கே என்று கேட்டான். வழியில் கழன்றதை இடது கால் எனக்குச் சொல்லவில்லை.

நான் ஒன்றை யாரிடமோ சொல்லக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன். எதை என்பது மறந்துவிட்டது. யாரிடம் என்பதும். சொல்லக் கூடாது என்பது மட்டும் நினைவிருக்கிறது.

அக்கா

*

ஏப்ரல் 14

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? போனில் நீங்கள் என்னைப் பேசவிடுவதில்லை. அதனால் பெரியம்மா மாதிரி கடிதமாக எழுதுகிறேன்.

பம்பர் விஷயமாக நீங்கள் கேட்ட அன்றே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். "சரி, இப்ப எதையும் கிளறாத. அவளுக்கு வயசாச்சு, மறதி வரத்தான் செய்யும். கார் இடிச்சா கழுத்து வலிக்கும், மறதியா வரும்? கொஞ்சம் பொறு" என்றீர்கள். பொறுத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் அம்மா, இது மறதி மாதிரி இல்லை. இடது காலை இழுத்து இழுத்து நடக்கிறார். பகலெல்லாம் தூங்குகிறார். எழுப்பினால் திட்டக்கூட மாட்டேன் என்கிறார். பெரியம்மா திட்டாமல் எழுந்ததை நீங்கள் எப்போதாவது பார்த்திருக்கிறீர்களா?

நேற்று என்னைப் பார்த்து, "நீங்க யாரு தம்பி, வண்டி கத்துக்குடுக்கறவரா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "நல்லாக் கத்துக்குடுப்பீங்களா?" என்றார்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இவரை இனித் தனியாக விடக் கூடாது, முதியோர் இல்லங்களுக்குச் சொல்லிவையுங்கள் என்றார். அவர் அறையை விட்டு வெளியே வந்து, சொல்லிவிடலாம் என்று திரும்பவும் கதவு வரை போனேன். கதவில் கை வைத்தேன். என் வயதுக்கு யார் வேறு வேலை கொடுப்பார்கள் என்று நினைத்தேன். கையை எடுத்துவிட்டேன்.

நான் சொல்லட்டுமா, வேண்டாமா? நீங்களே சொல்லுங்கள் அம்மா.

ஸ்டியரிங்

*

ஏப்ரல் 19

அக்கா,

நலமா என்று இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன். இந்தக் கடிதத்தைப் படிக்கிற நிலையில் நீ இருப்பாயா என்பது தெரியாது. இருந்தாலும் எழுதுகிறேன், என்ன செய்தேன் என்று உனக்குத் தெரிய வேண்டும்.

நேற்று அவனிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. படித்துவிட்டு அவனிடம் கேட்காமல் உன் டாக்டருக்குப் போன் செய்தேன். நான் இன்னார் என்று சொல்லிவிட்டு, "டாக்டரம்மா, எங்க அக்கா வழுக்கி விழல. கார்ல போறப்ப பின்னாலருந்து வண்டி இடிச்சிருக்கு" என்றேன்.

"எப்போ?"

"பிப்ரவரியில. மண்டை சீட்ல மோதியிருக்கு."

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. "இத்தனை நாளா யாருமே சொல்லலையே! இவங்க வயசுல லேசா மோதினாலே தலைக்குள்ள ரத்தம் மெதுவா கசிஞ்சுக்கிட்டே இருக்கும்மா. உடனே கூட்டிட்டு வரச் சொல்லுங்க. நாளைக்கு இல்ல, இப்பவே. படம் எடுக்கணும்" என்றார். பிறகு, "இடிச்சது யாருன்னு தெரியுமா?" என்று கேட்டார்.

"என் பையன்" என்றேன்.

அவனுக்கு அடுத்த போன் செய்தேன். இந்த முறை அவன் "ம்" சொல்லவில்லை. "கிளம்பிட்டேன்மா" என்றான்.

இன்று காலை ஆபரேஷன் என்று தகவல் வந்திருக்கிறது. நான் கடையைப் பூட்டிவிட்டேன். இயந்திரத்துக்கு உறை போட்டுவிட்டு அதன் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

தங்கை

*

மே 21

அன்புள்ள தங்கைக்கு,

நலம். இந்தச் சொல்லை இம்முறை ஆதாரத்தோடு எழுதுகிறேன்.

மண்டையில் இரண்டு துளை போட்டு உள்ளே தேங்கியிருந்ததை வடித்தெடுத்துவிட்டார்கள். பழைய மோட்டார் எண்ணெய் நிறத்தில் இருந்ததாம். ஸ்டியரிங்குக்குப் புரியும்படி மருத்துவர் சொன்ன உவமை அது. மூளை நசுங்கிக் கிடந்ததாம். இப்போது மெல்ல நிமிர்ந்துகொண்டிருக்கிறது, என் காரின் பின்பக்கம் போல. நூறிலிருந்து ஏழு ஏழாக இரண்டு வரை வந்துவிட்டேன். இடது கை கோப்பையைப் பிடிக்கிறது. ஜூன் மாதத்து மறதி மருத்துவரின் தேதியை ரத்து செய்துவிட்டேன். மருத்துவமனையிலிருந்து என் வீட்டுக்குத்தான் வந்தேன். கதவை நானே பூட்டுகிறேன், நானே திறக்கிறேன்.

அந்தப் பெண் மருத்துவர் என்னை நன்றாகத் திட்டினாள். "படிச்சவங்க நீங்க. இப்படிப் பொய் சொல்லலாமா மேடம்? இன்னும் சில நாள் போயிருந்தா நான் உங்களைத் திட்டக்கூட முடிஞ்சிருக்காது" என்றாள். படித்ததால்தான் பொய்யை அவ்வளவு கோர்வையாகச் சொல்ல முடிந்தது என்றேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. விழாத ஒருத்தி ஏன் விழுந்தாள் என்று அவளைத் தேட வைத்தேன். நல்ல மாணவிக்குத் தவறான கேள்வித்தாளைக் கொடுத்த ஆசிரியை நான்.

உன் மகனின் பயிற்சியாளர் உரிமத்தைப் பறித்துவிட்டார்கள். பள்ளியும் அனுப்பிவிட்டது. என் கார் போன அதே பட்டறையில் சக்கரம் கழற்றி மாட்டுகிறான். முதலாளி அவனைவிடச் சின்னவன். வாடா போடா என்கிறானாம். உன்னைச் சொல்லச் சொன்னது யார் என்று உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போதும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அவன் வேலை உன் கண் முன்னால் போகப் போகிறது என்று தெரிந்தே நீ செய்தாய். அதைச் செய்யும் துணிவு எனக்கு வந்திருக்காது. நான் எழுதக்கூடிய அதிகபட்சப் பாராட்டு இது, திரும்பவும் எதிர்பார்க்காதே.

ஒன்று மட்டும் குழப்பமாக இருக்கிறது. அந்த நாட்கள் எனக்கு நினைவில் இல்லாததால் உன் கடிதங்களை எடுத்து வரிசைப்படி படித்தேன். மார்ச் மாதக் கடிதத்தில் பம்பர் பற்றி நான் உளறிவிட்டதாக ஸ்டியரிங் சொன்னான். அதன் பிறகு நெடுநாள் உன்னிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. என் கடிதத்துக்குப் பதில் வரும் முன்பே அடுத்ததை எழுதிவிடுகிறவள் நீ. நானே எங்காவது வைத்திருப்பேன் என்று அலமாரியிலும் பரணிலும் குளிர்ப்பெட்டியிலும் தேடினேன். இல்லை.

தபால் சரியில்லாமல் போயிருக்கும். அந்த நேரத்தில் பல இடங்களில் அப்படித்தான் என்று பக்கத்து வீட்டுக்காரரும் சொன்னார். நீயும் அப்படியே எழுதிவிடு. அதன் பிறகு நான் இதைக் கேட்கமாட்டேன்.

முழங்காலுக்கு ஒத்தடம் கொடு.

அக்கா

*

ஜூன் 1

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்து நேராக வந்திருக்கிறது. கடைப் பெண்ணிடம் காட்டினேன். "பெரியம்மா பஸ்ஸ விட்டு இறங்கிட்டாங்க" என்றாள்.

தபால் சரியாகத்தான் இருந்தது, அக்கா.

நீ பம்பரைப் பற்றி எழுதிய கடிதம் வந்த அன்றே அவனைக் கேட்டேன். அன்றே சொன்னான். சொல்லலாமா என்று கேட்டவனைப் பொறு என்று நிறுத்திவைத்தது நான். உனக்கு வந்திருப்பது வயசு, வேறொன்றும் இல்லை என்று அவனுக்குச் சொன்னேன், எனக்கும் சொல்லிக்கொண்டேன். நீ செருப்பில்லாமல் கல்லூரிக்குப் போன கடிதத்தைப் படித்த பிறகும் சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு நாளும் உனக்கு எழுத உட்கார்ந்தேன். நலமா என்று எழுதியதற்கு மேல் கை நகரவில்லை. கிழித்துப் போட்டுவிட்டு யாருடைய துணியையாவது தைத்தேன். அந்த நாட்களில் என் கடையில் எல்லாருடைய துணியும் சொன்ன தேதிக்கு முன்னாலேயே தயாராக இருந்தது.

துணிந்தவள் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை நீ திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னிடம் வருவான். வரவேண்டாம் என்றால் அவனிடமே சொல்லிவிடு. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

இதற்கு நீ பதில் எழுதலாம், எழுதாமலும் இருக்கலாம். வராவிட்டால் தபால்காரரை நான் ஒன்றும் கேட்கமாட்டேன்.

தங்கை